தூதருக்கேற்ற மிருகம்

"சிங்கம் அவருக்கு, எலி இவருக்கா? நாடு பொறந்து பத்து வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள உலகப் போரை மூட்டிவிடப் பாக்குறியா?" என்று கத்தினார் ஊ போ லத்.

ரங்கூன் வெளியுறவு அலுவலகத்தில் அவர் பெரிய அதிகாரி. எதிரே நின்ற குமாஸ்தா லூன் பே, ஜன்னல் வழியே மழையில் மிதந்துகொண்டிருந்த ஷ்வேடகோன் கோயிலின் பொற்கோபுரத்தைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்கு எந்நேரமும் பாதி மனசு அங்கேதான்.

"நான் என்ன பண்றது, சயா? மேற்குத் தூதர் செவ்வாய்க்கிழமை பொறந்தவர், சிங்கம். கிழக்குத் தூதர் வியாழக்கிழமை, எலி. மாத்தவா முடியும்?"

வரும் பௌர்ணமியன்று இரு தூதர்களும் மந்திரியோடு கோயிலுக்கு வந்து, அவரவர் பிறந்த கிழமைக்குரிய மிருகம் நிற்கும் மூலையில், வழக்கப்படி தண்ணீர் ஊற்றப் போகிறார்கள். விருந்துகளில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத வல்லரசுகள் அவை. யார் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பதுதான் எங்கள் புது நாட்டின் கொள்கை.

"மாத்து! ஏதாவது பிசகினா புட்டாவோ மலைக்கு மாத்தல்தான் உனக்கு."

லூன் பேக்குக் கல்யாணமான புதிது. 'அந்தக் குளிருக்கு நான் வரமாட்டேன்' என்று மனைவி மா சோ முன்பே சொல்லிவிட்டாள்.

அவன் கிழக்குத் தூதருக்கு டெலிபோன் செய்தான். "கணக்குல சின்னப் பிழை, ஐயா. நீங்க திங்கட்கிழமை. புலி!"

மறுநாள் மேற்குத் தூதர் கூப்பிட்டார். "புலியாமே அவருக்கு? எங்க சிங்கத்தை அது அடிச்சிடும்னு ஊருக்கே சொல்றாராம்."

லூன் பே அவரை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, கருடனாக்கினான். அதற்கு அடுத்த நாள் கிழக்கிலிருந்து போன். அவருக்கு ஒரு நாகத்தைக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

மா சோ சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நாகத்தைக் கருடன் தின்னுமே, அக்கோ! ஒரு நாட்டை இன்னொரு நாட்டுக்குச் சாப்பாடாக்கிட்டீங்களே!"

அப்போதுதான் அவனுக்குப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. புதனுக்கு மட்டும் இரண்டு மூலை. காலையில் பிறந்தவருக்கு ஒரு யானை, மாலையில் பிறந்தவருக்கு ஒரு யானை. இருவரையும் புதனில் பிறக்க வைத்தான்.

பௌர்ணமி மாலை மழை விட்டிருந்தது. நனைந்த பளிங்குத் தரையில் கோபுரத்தின் பொன் இறங்கிக் கிடந்தது. வெறுங்காலோடு நடந்தவர்கள் எல்லோரும் அந்திவானத்தில் நடப்பதுபோல் இருந்தது. மேலே சிறு மணிகள் காற்றில் முனகின. லூன் பே தூதர்களையே மறந்துபோனான்.

"அவர் யானைக்குத் தந்தம் இருக்கு. என் யானைக்கு எங்கே?" என்று கேட்டது ஒரு குரல்.

கிழக்குத் தூதர்தான். மாலை யானைக்குத் தந்தம் கிடையாது. வெளிநாட்டுக்காரர் அதையா கவனிக்கப் போகிறார் என்று லூன் பே நினைத்திருந்தான்.

"ஆயுதக் குறைப்பு! நல்ல ஆரம்பம்," என்றார் மேற்குத் தூதர்.

மந்திரியின் முகம் வெளுத்தது. தூதர்கள் ஆளுக்கொரு வாசல் வழியாக விறுவிறுவென்று இறங்கிப் போனார்கள். ஊ போ லத் அவன் காதருகே குனிந்தார்.

"புட்டாவோ."

லூன் பே பூக்காரி டோ மியாவின் கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் தளும்பியது. "என்னால ரெண்டு வல்லரசும் ஜென்மப் பகையாயிட்டாங்க, அக்கா. என் குடும்பமும் போச்சு."

"யாரு, இப்ப இறங்கிப் போன ரெண்டு பேருமா?" டோ மியா தாமரை இதழை மடித்தபடி சிரித்தாள். "இந்த வாரம் பூரா சாயங்காலத்துல தோள்மேல கை போட்டுக்கிட்டுல்ல வந்தாங்க! 'நாளைக்கு அந்த ஆபீஸ் பையன் எந்த மிருகத்தைக் குடுப்பான்'னு பந்தயம் கட்டி, என்னையில்ல தம்பி நடுவரா வெச்சிருந்தாங்க!"