ஏழு மணிப் பேய்

நமசிவாயத்துக்குக் கோபம் வந்தால் முதலில் துடிப்பது மீசை. அன்று மாலை அது ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய பேய் ஒன்று அவருடைய கோப்பாய் வீட்டு வாசலுக்கே வந்து இனிப்புக் கேட்டதுதான் காரணம்.

கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டுத் தயாளினியின் மகள் சாருஜாதான் அந்தப் பேய். பிளாஸ்ரிக் முகமூடி, பளபளவென்று ஒரு கறுப்புச் சட்டை. ஹலோவீனாம், பிள்ளைகள் பேய் வேஷத்தில் வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்கிற நாளாம். மனைவி குணலட்சுமி சிரித்துக்கொண்டே பிள்ளையின் பையில் எள்ளுருண்டையைப் போட்டு அனுப்பினாள்.

"உதெல்லாம் ஒரு பேயோ?" என்று அவளிடம் பாய்ந்தார் நமசிவாயம். "சனசமூக நிலைய நாடகத்திலை நான் பேயா வந்தனான். சட்டிக்கரியைத் தேங்காயெண்ணெயிலை குழைச்சு முகத்திலை பூசி, தலைக்கு இலவம் பஞ்சு, பல்லுக்குத் தேங்காய்ச் சொட்டு. முன்வரிசையிலை இருந்த ஊர் விதானையாரே எழும்பி ஓடினவர்."

"அவர் கடைசி பஸ்ஸுக்கு ஓடினவர். நானும் அண்டைக்கு அங்கை இருந்தனான்."

"ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊத்தி, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஊரே கூடியிருந்து பேய்ப்படம் பாத்தம். அது பேய்."

"நீங்கள் போர்வைக்குள்ளை இருந்தெல்லே பாத்தனீங்கள்."

பிளாஸ்ரிக் பேயையாவது மன்னித்துவிடலாம். மன்னிக்கவே முடியாதது ஏழு மணி. ஏழு மணிக்குத்தான் செய்தி. அதே ஏழு மணிக்குத்தான் குணலட்சுமியின் பேய் நாடகமும். றிமோட் அவளுடைய மடிக்குக் கீழே போய்விடும். கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், ஊருக்கே அரசியல் விளக்கம் சொன்னவர். இப்போது மருதனார்மடம் சந்தையில் யாராவது நாட்டு நடப்புக் கேட்டால், செத்துப்போன மருமகள் மாமியாரை எப்படிப் பழிவாங்கினாள் என்பதைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. இது எவ்வளவு பெரிய அநியாயம்.

அன்றைக்கே ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தார். உண்மையான பேயை ஒரு தரம் கண்டால், பிறகு அவள் பேய் நாடகத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். ஏழு மணி தன்பாட்டில் கைக்கு வந்துவிடும்.

கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கிணற்றடிக் கொட்டிலுக்குள் புகுந்துகொண்டார். கரி பூசினார். பழைய தலையணையைக் கிழித்துப் பஞ்சைத் தலையில் ஒட்டினார். பல்லில்தான் சிக்கல், முதல் சோடித் தேங்காய்த் துண்டைப் பழக்கதோஷத்தில் மென்று விழுங்கிவிட்டார். இரண்டாம் சோடியோடு, நாடக இசை தொடங்கிய அதே நேரத்தில் ரீவி இருந்த ஹோல் யன்னலில் முகத்தை வைத்து ஊளையிட்டார்.

"ஐயோ" என்றாள் குணலட்சுமி. அந்த ஒரு சொல் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. "தயாளினி, ஓடிவா பிள்ளை. எங்கடை வீட்டிலை பேய் வந்திட்டுது."

அவள் முற்றத்துக்கு வந்தாள். ஒரு கையில் கற்பூரத்தட்டு, மற்றக் கையில் முற்றம் கூட்டுகிற தும்புத்தடி. தயாளினியும் மகளும் ஓடிவந்தார்கள்.

"அம்மா, இது குளிக்காத கிறிஸ்மஸ் தாத்தாவோ?" என்று கேட்டாள் சாருஜா.

நமசிவாயத்துக்கு உச்சி கொதித்தது. ஆனால் பேய் வாய் திறக்குமுன் விசாரணை தொடங்கிவிட்டது. வந்த பேயை விசாரிக்காமல் விடுகிற வழக்கம் ஊரில் இல்லை. ஆர் என்று கேட்பார்கள், வேண்டியது என்னவென்று கேட்பார்கள், எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போகவிடுவார்கள்.

"நீ ஆர்?" என்று கேட்டாள் குணலட்சுமி.

"புளியமரத்துப் பேய்."

"உனக்கு என்ன வேணும்? கோழியோ, சாராயமோ?"

பேய் சற்றுத் தடுமாறியது. இரண்டுமே வேண்டியவைதான். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

"இந்த வீட்டிலை ஏழு மணிக்குப் பேய் நாடகம் போடக் கூடாது. செய்திதான் போட வேணும்."

"பேய்க்கு என்னத்துக்குச் செய்தி?"

"செத்தாலும் நாட்டு நடப்பு அறிய வேணுமெல்லே."

"சரி. ஆனால் என்ரை மனிசன் சரியான பயந்தாங்கொள்ளி. உன்னைக் கண்டால் காய்ச்சல் வந்து படுத்திடுவார். முதல் நீ சத்தியம் பண்ணு, பிறகு நான் பண்ணுறன். ஏழு மணியிலையிருந்து ஒன்பது மணிமட்டும் இந்த ஹோலுக்குள்ளை கால் வைக்க மாட்டனெண்டு நல்லூரானிலை சொல்லு."

பயந்தாங்கொள்ளியாம். கரிக்குக் கீழே மீசை துடித்தது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபடியால் பொறுத்துக்கொண்டார். நல்லூர் முருகன் பெயரைச் சொல்லி, கற்பூரத்தில் ஓங்கி அடித்தார்.

"இனி நீ பண்ணு" என்றது பேய்.

"பேய்க்கு ஆரும் சத்தியம் பண்ணுவினமோ? போ அங்காலை." தும்புத்தடி உயர்ந்தது. பேய் கிணற்றடிப் பக்கமாக ஓட்டம் பிடித்தது.

அடுத்த நாள் ஏழு மணிக்கு நமசிவாயம் திருநீறு பூசிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல் ஹோல் வாசலுக்கு வந்தார். குணலட்சுமி றிமோட்டோடு இருந்தாள்.

"வாங்கோ, வந்து இருங்கோ" என்றாள் அன்பாக. "நேற்று சத்தியம் பண்ணினது பேய்தானே. நீங்களில்லையே."

தூக்கிய கால் நிலைப்படிக்கு மேலே அப்படியே நின்றது. மனைவியை ஏமாற்றலாம். நல்லூரானை ஏமாற்ற முடியுமா? கால் தானாகப் பின்னுக்கு வந்தது.

"நீ நேற்றே கண்டுபிடிச்சிட்டாய் என்ன?"

"கட்டின நாளிலையிருந்து பாக்கிற முகம். கரி பூசினால் தெரியாதே?"

இது அநியாயம், பச்சை அநியாயம் என்று கத்திக்கொண்டே படலையைத் திறந்து வெளியே போனார். ஊரில் வேறு ரீவியே இல்லையா என்ன? நேரே தயாளினி வீட்டு ஹோலுக்குள் நுழைந்தார். தாயும் மகளும் கண் வெட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் செய்தி பாக்க வந்தனான் பிள்ளை."

தயாளினி திரும்பிப் பாராமலே கதிரையொன்றை இழுத்துப் போட்டாள்.

"சத்தம் போடாமல் இருங்கோ அங்கிள், பேய் இப்பதான் வருது."