மொச்சையின் கன்னத்தில் இருந்த தர்பூசணி

கழுத்தில் டை கட்டியவுடன் பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைக்கும் வியாதி ஒன்று இருக்கிறது. மருந்துக் கம்பெனி ரெப்புகளுக்கு அது சீக்கிரம் தொற்றும். எனக்கு முற்றிப்போயிருந்தது. அதிலும் நான் விற்றது வயிற்று மருந்து. வாயு, பேதி, மலச்சிக்கல் என்று யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயங்களை நான் மணிக்கணக்கில் பேசுவேன். (சாப்பிட்டுக்கொண்டே பேசுவேன். பந்தியில் என் பக்கத்து இலை பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.)

கல்யாணமான முதல் கோடையில் உத்திரமேரூரில் மாமியார் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். என் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை ஜெனி அப்போது காஞ்சிபுரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு ஹாம்ஸ்டர் வளர்த்தாள். உள்ளங்கையில் அடங்குகிற, எலி மாதிரியான பிராணி. மொச்சைக்கொட்டை நிறம், அதனால் பெயரும் மொச்சை. மாமனார் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். "ஊரே எலிய அடிச்சிப் போடுது, இவ வாங்கியாந்து சோறு போடறா" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு அவர் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தக் கூண்டைத்தான்.

பரீட்சைக்குக் கிளம்பும்போது ஜெனி என்னிடம் சொன்னாள்: "மாமா, தண்ணியா கீற காய், பழம் எதுவும் இதுக்குக் குடுக்காதீங்க. வயிறு தாங்காது. வால்கிட்ட ஈரமா கீது, சுருண்டு படுத்துகினு கீதுன்னா உடனே டாக்டராண்ட தூக்கினு போயிடுங்க."

"வயித்தப் பத்தி எனக்கே கிளாஸ் எடுக்கறியாம்மா?" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். நம்பித்தான் போனாள்.

அன்று மத்தியானம் வெயில் கொளுத்தியது. மொச்சை கூண்டின் மூலையில் தட்டையாகப் படுத்திருந்தது. நான் தர்பூசணி தின்றுகொண்டிருந்தேன். ஒரு சின்னத் துண்டை நீட்டினேன். அது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடியே தின்றது. என் மருந்தை எந்த டாக்டரும் அவ்வளவு ஆசையாக வாங்கியதில்லை. நெகிழ்ந்துபோய் இன்னொரு துண்டு கொடுத்தேன். சாயங்காலம் வெள்ளரிப்பிஞ்சு. ஸ்டெல்லா கேட்டபோது, "தீனிதான் போட்டேன்" என்றேன்.

மறுநாள் காலையில் மொச்சை தன் சக்கரத்தில் ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூண்டிலிருந்து ஒரு நாற்றம்.

"ஏங்க, பின்னாடி ஈரமா கீது பாருங்க. முடியெல்லாம் ஒட்டிகினு கீது" என்றாள் ஸ்டெல்லா.

"தண்ணி பாட்டில் ஒழுகியிருக்கும்."

"ஜெனி சொன்னாளே, டாக்டராண்ட போலாமே."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன். (இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.) பிறகு விரல் நுனியில் தயிரை எடுத்து மொச்சைக்கு நக்கக் கொடுத்து, குடலில் வாழும் நல்ல கிருமிகளைப் பற்றி மாமியாருக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஓர் உரை நிகழ்த்தினேன். கம்பெனி மீட்டிங்கில் கேட்டது, ஒரு வார்த்தை பிசகவில்லை. மாமியார் பயபக்தியோடு கேட்டுவிட்டு, "மாப்ள சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்றார். மொச்சை தயிரை ஒருமுறை நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

பொழுது சாயும்போது அதன் வயிறு தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. தூக்கினால் துணி மாதிரி கையில் கிடந்தது. அப்போதே வண்டியை எடுத்திருக்கலாம். எடுத்தால் நான் உளறியது ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற ஒரே காரணத்துக்காக, "காலைல பார்ப்போம்" என்றேன். காலையிலும் அது எதையும் தின்னவில்லை. பயத்தில், யாரும் பார்க்காதபோது, அதற்குப் பிடித்த தர்பூசணியையே இன்னொரு துண்டு வாயருகே வைத்தேன். மெதுவாக வாங்கிக்கொண்டது. தேறிவிட்டது என்று நினைத்தேன். ஸ்டெல்லா வந்து பார்த்தாள். மொச்சையைப் பழந்துணியில் சுற்றி ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, போய் பைக்கில் உட்கார்ந்தாள்.

மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு சினைப்பசுவும் சில ஆடுகளும் நின்றன. ஓர் ஆட்டுக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், எலியா? எலிக்கு மருந்து வைக்கவா இங்க வந்தீங்க? அது கடையில இல்ல கெடைக்கும்?"

வரிசை சிரித்தது. நான் டையைச் சரிசெய்துகொண்டேன். (ஆமாம், டை கட்டித்தான் போயிருந்தேன். நாலு பேர் மதிப்பார்கள் என்று.)

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. பார்த்ததுமே முகம் மாறி, வரிசையை நிறுத்திவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். "நான் அதிகமா பார்க்கறது ஆடு மாடுதான். இருந்தாலும் இது நல்லா இல்லன்னு தெரியுது. ரொம்ப வத்திப்போயிருக்கு. என்ன சாப்பிட்டுது?"

கதவருகே அத்தனை பேரும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெகுலர் ஃபீட் மட்டும்தான் டாக்டர்" என்றேன்.

"வேற எதுவும் குடுக்கலயே? அதை வெச்சுத்தான் நான் மருந்து முடிவு பண்ணணும்."

"எதுவும் இல்ல."

டாக்டர் மொச்சையைத் திருப்பினார். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. "பொன்னுக்கு வீங்கியா இருக்குமோ?" என்றேன். அவர் கன்னத்தை இரண்டு விரலால் மெல்ல முன்பக்கமாகத் தள்ளினார். சிவப்பாக, கொழகொழவென்று ஏதோ மேஜையில் விழுந்தது. கூடவே ஒரு கறுப்பு விதை.

"இதுங்களுக்குக் கன்னத்துல பை இருக்கு. கிடைச்சதை அதுல பதுக்கி வைக்கும்" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார். "தர்பூசணி ரெகுலர் ஃபீடா?"

ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. வாசலில் ஆட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "மன்சன் மறைச்சிட்டாம்பா. எலி சொல்லிடுச்சி."

எல்லாவற்றையும் சொன்னேன். தர்பூசணி, வெள்ளரி, தயிர், நேற்றுக் காலையிலேயே பார்த்த ஈரம். டாக்டர் சென்னையில் இருக்கும் தோழிக்குப் போன் போட்டு அளவு கேட்டுக்கொண்டு, தோலுக்கடியில் மெல்லிய ஊசியால் நீர் ஏற்றினார். சொட்டு மருந்து எழுதினார். "கதகதப்பா வைங்க. கூண்டைச் சுத்தமாக் கழுவுங்க. பச்சைக் காய், பழம் கண்ணுலயே காட்டாதீங்க. இவ்வளவு சின்ன உடம்புக்குப் பேதின்னா விளையாட்டு இல்ல. நேத்தே வந்திருக்கணும்." கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சொன்னாள்: "வயித்து மாத்திர விக்கறாரு டாக்டர்."

பசுவைப் பிடித்திருந்தவர் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்.

பரீட்சை முடிந்து ஜெனி வந்தாள். மொச்சை அதற்குள் தலையைத் தூக்க ஆரம்பித்திருந்தது. திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "மாமா, ஈரத்த எப்போ பாத்தீங்க?"

சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்து, வெந்நீரில் பஞ்சை நனைத்து அதன் பின்பக்கத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவள் கத்தியிருந்தால் நான் இவ்வளவு காலம் அதை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மொச்சை பிழைத்து, அதன் ஆயுசுக்கு இருந்துதான் போனது. நான்தான் அந்த வீட்டில் தேறவில்லை. மாமியாருக்கு நெஞ்சு கரித்தால் எனக்குத் தெரியாமல் கடையில் சோடா வாங்கிக் குடிக்கிறார். நான் எதையாவது அடித்துச் சொன்னால் மாமனார் சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல், "கன்னத்த அமுக்கிப் பாரு" என்கிறார். இப்போது ஜெனி நர்ஸ். வயிற்றுவலி என்று வந்து, வெளியில் எதுவும் சாப்பிடவில்லை என்று சாதிக்கிறவர்களைப் பார்த்தால் என் ஞாபகம் வருகிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஃபிரிட்ஜில் இருந்த கேக்கை யார் தின்றது என்று வீட்டில் விசாரணை. எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் சின்ன மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, இரண்டு விரலால் என் கன்னத்தை மெதுவாக முன்பக்கமாகத் தள்ளினாள்.

கொஞ்சம் கேக் வந்தது.