ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்

அருட்பிரகாசம் பனியில் சறுக்கும் தன் புது ஸ்கீயைச் சமையலறைத் தராசில் கிடத்தியபோது அதன் நுனி பருப்புச் சட்டிக்குள் போய் இறங்கியது.

"ஆயிரத்து நூறு கிராம்!" என்றார், பிறந்த பிள்ளையின் நிறையை அறிவிப்பவர் போல. "கடையிலையே பாரம் குறைஞ்சது இதுதான், எமில்டா."

"இப்ப பருப்பையும் சேர்த்தெல்லோ நிறுக்கிறியள்," என்றாள் மனைவி, நுனியைத் துடைத்தபடி.

அடுத்த மாதம் மனேஜரின் குழுவோடு அவர் அல்ப்ஸ் மலைக்குப் போக வேண்டும். லிப்ட் இல்லாத மலை. ஸ்கீயை மாட்டிக்கொண்டே ஏறி, அதே ஸ்கீயில் சறுக்கி இறங்க வேண்டும். மனேஜர் கேட்டதும் "நமக்கு இது பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டார். கூரை போட்ட செயற்கைப் பனித்திடலில் ஒரு பின்னேரம் முழுக்க விழுந்து எழும்பியதுதான் அந்தப் பழக்கம். லண்டன் தோர்ண்டன் ஹீத் கோயிலில் பூசை முடிந்து தேத்தண்ணி குடித்த அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. அதைக் கேட்டு எமில்டாவின் சிநேகிதி பிரீத்தாவின் மனுசனும் அடுத்த குழுவுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இனிப் போகாமல் நின்றால் முகத்தை எங்கே வைப்பது?

"மலையிலை ஒவ்வொரு கிராமும் கதைக்கும்," என்றார்.

"அப்ப இரவிலை புட்டைக் குறைப்பமோ?"

"அது உடம்பு. நான் கதைக்கிறது உபகரணம்!"

"ஓம், உங்களுக்குத்தான் தெரியும். எதுக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணையை ஒருக்கால் கேளுங்கோ. சுவிசிலை இருந்தவர். ஏதோ ஒண்டைக் கொண்டுபோய் மானம் போகக் கூடாது."

கிறிஸ்துநாயகம், ஸ்கீயை விற்ற கடையில் வேலை செய்பவர். அவர் ஸ்கீயை வளைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஏறேக்கை பூ மாதிரி, தம்பி. ஆனா இறங்கேக்கை, கெட்டிப் பனியிலை அப்பளம் மாதிரி நடுங்கும்."

பாரமான ஸ்கீ வீட்டுக்கு வந்தது. மாடிப்படியில் ஒத்திகை. பாதிப் படியில் மூச்சு முட்டியது. திரும்பிய வீச்சில் மாதா படத்தின் கண்ணாடி போயிற்று.

"இறங்கிறதுக்கு இது நல்லம்," என்றாள் எமில்டா, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டியபடி. "ஏறேலாட்டி எங்கையிருந்து இறங்கிறது எண்டுதான் யோசிக்கிறன். அண்ணையை இன்னொருக்கால் கேளுங்கோ."

அண்ணை நடுத்தரப் பாரத்தில் ஒன்று கொடுத்தார். அதற்கு அருட்பிரகாசத்தின் சப்பாத்து மென்மையாம். ஸ்கீ சொல்வழி கேளாதாம். கெட்டிச் சப்பாத்து வந்தது. அது, சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கில் பொருந்தவில்லை. பைண்டிங்கையும் மாற்றிய பிறகுதான், ஏறும்போது வழுக்காமல் ஸ்கீயின் அடியில் ஒட்டும் நாடா அகலம் போதாது என்று தெரிந்தது. நாடாவும் வந்து எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கியபோது, மாதா படத்தை உடைத்த ஸ்கீயே தேவலாம் போலிருந்தது.

"அண்ணை, பழையபடி அந்தப் பாரம் குறைஞ்சதுக்கே போவமோ?" என்றார் அருட்பிரகாசம்.

"போகலாம், தம்பி. ஆனா அந்த நடுக்கம்..."

குழு விமானம் ஏறிய நேரத்தில் அருட்பிரகாசம் கடையில் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார். மனேஜருக்குச் செய்தி அனுப்பினார்: "சரியான உபகரணம் இல்லாமல் மலையை அவமதிக்க நான் தயாரில்லை."

மனேஜர் மெய்சிலிர்த்துப் பதில் போட்டார்: "உண்மையான அனுபவசாலி!"

நெஞ்சு நிமிர்ந்தது. கடையை விட்டு வெளியே வந்தவர், மழை தூறவும் குடையை மறந்தது நினைவு வந்து திரும்பினார். கிறிஸ்துநாயகம் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்:

"இனிப் பயப்பிடாதை, எமில்டா தங்கச்சி, நீ சொன்ன மாதிரியே பிளேன் போகுமட்டும் உன்ரை மனுசனை மறிச்சுப்போட்டன், ஆனா பிரீத்தாவுக்குச் சொல்லு, அவவின்ரை ஆளுக்கு இன்னும் ரெண்டு சோடிச் சப்பாத்தாவது மாத்த வேண்டிவரும்."