கழுத்து முறிந்த வயரும் அசையாத தேவாங்கும்

ஒரு காட்டில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. சிங்கம் இருந்ததா என்று கேட்காதீர்கள். சிங்கம் எந்தக் காட்டிலும் இருக்கும், பிளக் பாயிண்ட்தான் அபூர்வம். சுற்றுலா வருகிறவர்களுக்காகக் கட்டி, யாரும் வராமல் கைவிட்ட ஒரு பங்களாவின் சுவரில் அது இருந்தது. கூரைமேல் சோலார் தகடு. வெயில் அடித்தால் கரண்ட் வரும், மழை பெய்தால் வராது. அந்த பங்களாவைத்தான் வன அலுவலகமாக்கி, தலைவர் சிங்கம் உள்ளே உட்கார்ந்து ஆண்டுவந்தார்.

ஆள்வது என்றால் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. தலைவரிடம் ஒரு போன் இருந்தது. அதன்மேல் தலைவர் தன் பாதத்தை வைத்து அழுத்தினால் சான்றிதழ் வரும். மானுக்கு மேய்ச்சல் சான்று, கரடிக்குத் தேன் சான்று, முயலுக்கு உயிரோடு இருக்கிறது என்பதற்கான சான்று, எல்லாம் அதற்குள்ளிருந்துதான். போனில் சார்ஜ் போய்விட்டால் காடே அப்படியே நிற்கும். முயல் இருக்கிறதா போய்விட்டதா என்பதுகூட அந்த முயலுக்கே சந்தேகமாகிவிடும்.

இந்தக் காட்டில் பொன்னுரங்கம் என்று ஒரு தேவாங்கு. கையும் காலும் குச்சி, கண் இரண்டும் காபி சாஸர். "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று வீட்டுக்கு வீடு திட்டுகிறோமே, நியாயமாக அதற்கெல்லாம் இவரிடம்தான் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வேகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்த கிளையில் இருக்கும் பூச்சியைப் பிடிக்க அந்தி சாய்ந்ததும் கிளம்பினால், பூச்சிக்கு வயசாகிவிடும்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து பொன்னுரங்கத்துக்கு ஓர் ஓலை வந்தது. உபயோகமான தொழில் எதுவும் இல்லாதவர்கள் மரத்தைக் காலி செய்ய வேண்டும். பதினைந்து நாளுக்குள் தொழில் சான்று காட்டாவிட்டால் பாறைக்குழிக்கு அனுப்பப்படுவீர்கள். கீழே தலைவரின் பாதம்.

பாறைக்குழியில் ஒரு செடிகூடக் கிடையாது. தேவாங்குக்கு மரம் இல்லையென்றால் வாழ்வு இல்லை. அதிலும் பொன்னுரங்கத்தின் மனைவி தாயம்மா அப்போது நிறைமாசம்.

"ஏங்க, உங்களுக்கு என்னதான் தெரியும்னு எழுதப் போறீங்க?" என்றாள் தாயம்மா.

பொன்னுரங்கம் யோசித்தார். யோசிக்கிறதுக்கே சாயங்காலமாகிவிட்டது. "பிடிச்சா விடமாட்டேன். அது ஒண்ணுதான் தெரியும்" என்றார்.

"அதுக்கு யாரு வேலை குடுப்பாங்க?" என்று தாயம்மா அழ ஆரம்பித்தாள். மனசு கேட்காமல் பொன்னுரங்கம் அந்த நிமிஷமே கிளம்பிவிட்டார். பதினோராவது நாள் அலுவலகம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே வரிசை வாசலைத் தாண்டி ஆலமரம் வரைக்கும் நின்றது. தலைவருடைய போன் செத்துக் கிடந்தது. கிளார்க் கோகிலா, பெயரைப் பார்த்துக் குயில் என்று நினைக்க வேண்டாம், பெண் குரங்கு, சார்ஜர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அந்த வயருக்குக் கழுத்து முறிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. உள்ளே இருந்த செம்புக் கம்பி பல்லைக் காட்டியது. கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்து, ஒரு நூல் மேலே தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தால் ஏறும். விட்டால் நின்றுவிடும். ரப்பர் பேண்டு போட்டாகிவிட்டது, பிசின் வைத்தாகிவிட்டது, கீழே கல்லை முட்டுக் கொடுத்தாகிவிட்டது. எதுவும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. பிடித்துக்கொண்டிருக்கலாம் என்றால் குரங்குக்கு எங்கே கை சும்மா இருக்கும்?

"எங்கிட்ட டைப் சி வயர் இருக்கும்மா" என்றது வரிசையில் நின்ற கரடி. "எப்படிச் சொருகினாலும் போகும். தூக்கக் கலக்கத்துல சொருகினாக்கூடப் போகும்."

"எனக்கு மட்டும் தெரியாதா? தலைவர் போனுக்குத் தனி பின்னுய்யா!" என்று கோகிலா எரிந்து விழுந்தது. உண்மைதான். ஊருக்கெல்லாம் பொருந்துகிற வயர் தலைவருக்கும் பொருந்தினால் அப்புறம் தலைவர் என்கிற மரியாதை எங்கே இருக்கும்?

பொன்னுரங்கம் மெல்ல மேசையோரம் ஏறி வந்தார். "அம்மா, நான் கொஞ்சம் பிடிச்சுப் பாக்கட்டுங்களா?"

"நீங்களா? இங்க வந்து சேரவே உங்களுக்குப் பதினோரு நாளாச்சு."

"வர்றதுக்குத்தாம்மா நாளாகும். பிடிக்கிறதுக்கு ஆகாது."

பிடித்தார். இடது கையால் போனையும் வலது கையால் வயரின் கழுத்தையும் பிடித்து, ஒரு நூல் தூக்கினார். திரையில் பச்சை வந்தது. "ஏறுது! ஏறுது! யாரும் தும்மாதீங்க!" என்று கோகிலா குதித்தது. பொன்னுரங்கம் அசையவில்லை. அவருக்குப் பகல் தூங்குகிற நேரம் வேறு, அப்படியே தூங்கியும் போனார். ஆனால் தேவாங்கு தூங்கும், அதன் பிடி தூங்காது. மதியத்துக்குள் நூறு பர்சென்ட் ஏறிவிட்டது.

"யார் இது?" என்றார் தலைவர்.

"தலைவரே, இவருதான் இனிமே சார்ஜ் ஏத்துறவரு" என்றது கோகிலா.

அன்றைக்குத் தலைவர் அழுத்திய முதல் சான்று பொன்னுரங்கத்துக்குத்தான். பெயர்: பொன்னுரங்கம். தொழில்: வயர் பிடித்தல். தாயம்மாவுக்கு அந்த வாரமே இரட்டைக் குட்டி பிறந்தது, சொந்த மரத்தில், சொந்தப் பொந்தில்.

அதற்கப்புறம் பொன்னுரங்கத்துக்கு வந்த மவுசைக் கேட்க வேண்டுமா! நேற்றுவரை திரும்பிப் பார்க்காத மயில் "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றது. மான் வெட்டுக்கிளி கொண்டுவந்து கொடுத்தது. அவரும் லேசுப்பட்டவரில்லை. பிடிக்காதவர்கள் வரிசையில் முன்னால் வரும்போது மட்டும் விரலை ஒரு நூல் இறக்கிவிட்டு, "லைன்ல பிரச்சினை, நாளைக்கு வாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

இப்படியே போயிருந்தால் கதைக்கு என்ன வேலை? தூக்கணாங்குருவி செவந்தியப்பன் வந்து சேர்ந்தார்.

செவந்தியப்பன் நெசவில் கெட்டிக்காரர். புயலில் மரம் விழுந்தாலும் அவர் கட்டின கூடு மட்டும் வேறு மரத்தில் போய்த் தொங்கும் என்பார்கள். பங்களா கட்டினவர்கள் விட்டுப்போன ஒரு டைப் சி வயரை எடுத்து, அதன்மேல் பனைநாரையும் புல்லையும் மூன்று அடுக்காகப் பின்னி, கழுத்தில் மட்டும் ஏழு அடுக்கு போட்டு, நுனியில் தலைவருடைய தனி பின்னுக்கு ஏற்ற ஒரு குட்டிக் கனெக்டரை மாட்டி, அது கழன்றுவிடாமல் முடிச்சும் போட்டுக்கொண்டு வந்தார்.

"அறாதுங்கய்யா. என் பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் வரும்" என்றார்.

அலுவலகமாயிற்றே, சும்மா நம்புமா? பரிசோதனை வைத்தார்கள். யானை ஒரு பக்கமும் கரடி ஒரு பக்கமும் நின்று இழுத்தன. கரடி வழுக்கிக்கொண்டு யானையிடம் வந்துவிட்டது, வயருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெருச்சாளியைக் கடிக்கச் சொன்னார்கள். அது பல்லைப் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடியது. பத்தாயிரம் தடவை மடக்கிப் பார்க்க மரங்கொத்தி வந்தது. நாலாயிரத்தில் தூங்கிவிட்டு எழுந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. அதற்கும் வயர் அசரவில்லை.

பொன்னுரங்கம் மேசையோரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அறுந்து தொலையேன்" என்று மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் காது கேட்கவில்லை.

"அண்ணே, நாளையோட நீங்க வர வேண்டாம்" என்றது கோகிலா, அவர் முகத்தைப் பார்க்காமல். "காலைல வந்து பழைய வயரை ஒப்படைச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க. மரத்தை மாசக் கடைசிக்குள்ள..."

"ரெட்டைப் பிள்ளைம்மா. இன்னும் முதுகை விட்டே இறங்கல."

"நான் என்னண்ணே செய்யறது? வயர் நல்லாருக்கே!"

மறுநாள் காலையில் திறப்பு விழா. வாழை கட்டி, மைனாக்கள் பாட்டுப் பாடி, தலைவர் தன் பாதத்தால் புது வயரைப் போனில் சொருகினார். எந்தக் கோணமும் தேவைப்படவில்லை, யாரும் மூச்சை அடக்கவில்லை. சார்ஜ் பாட்டுக்கு ஏறியது. செவந்தியப்பன் மஞ்சள் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மேசையோரத்தில், மடியில் பழைய வயரோடு, பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார்.

அப்போது பக்கத்துக் காட்டுத் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. சிங்கம் போனைக் காதில் வைத்து, "ஆங், சொல்லுங்க... ஆங்..." என்றபடியே எழுந்து நடந்தார். பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசமாட்டார்கள் இல்லையா? வயர் மாட்டியிருக்கிறது என்று யார் தலைவரிடம் சொல்வது? பத்தடி நடந்தார். பழைய வயராக இருந்தால் கழுத்தோடு பிய்த்துக்கொண்டு கையில் வந்திருக்கும், போன் தப்பியிருக்கும். புது வயர் பிய்யவில்லை. முடிச்சு அவிழவில்லை. பிளக்கும் சுவரை விடவில்லை. விறைத்துக்கொண்டு ஒரு வெட்டு வெட்டியது பாருங்கள், போன் தலைவரின் பாதத்திலிருந்து பறந்து, திரும்பி வந்து, சுவரில் மோதி, நாலு துண்டாக விழுந்தது.

கோகிலா ஓடிவந்து துண்டுகளைப் பொறுக்கியது.

மதியமே விசாரணை. நீதிபதி யார் என்றால், தலைவர்தான். வேறு யாருக்கு அந்த நாற்காலி?

"வயர் ஏன் அறவில்லை?" என்று கோகிலா வாசித்தது.

"அறக்கூடாதுன்னுதானேங்க செஞ்சேன்!" என்றார் செவந்தியப்பன்.

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க. குற்றத்தை ஒத்துக்கிட்டாருன்னு எழுதிக்கறேன்."

"அம்மா, வயரு மேல என்னம்மா தப்பு? தலைவரு எழுந்து..." என்று ஆரம்பித்த செவந்தியப்பன், தலைவரின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார். திரும்பிப் பார்த்தார். மேசையோரத்தில் பொன்னுரங்கம். "அண்ணே, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? என்ன நடந்துச்சுன்னு நீங்களாவது சொல்லுங்கண்ணே!"

எல்லாரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். காட்டிலேயே பெரிய கண் அவருக்குத்தான். எல்லாவற்றையும் அந்தக் கண்ணால் பார்த்திருந்தார். தலைவர் எழுந்தது, நடந்தது, வயர் விறைத்தது, எல்லாம். உண்மையைச் சொன்னால் செவந்தியப்பன் பிழைப்பார், புது வயரும் பிழைக்கும், மாசக் கடைசியில் இரட்டைக் குட்டிகளை முதுகில் கட்டிக்கொண்டு பாறைக்குழிக்கு நடக்க வேண்டும். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர் அன்றைக்குச் சட்டென்று பேசினார்.

"எனக்குப் பகல்ல கண்ணு தெரியாதுங்க."

சொன்னதும் அவருக்கே அசிங்கமாக இருந்தது. செவந்தியப்பன் தலையைத் தொங்கப்போட்டார்.

தீர்ப்பு அன்றே வந்தது. இழுத்தால் அறுவது வயரின் கடமை. இனி இந்தக் காட்டில் கழுத்து முறிந்த வயர் மட்டுமே செல்லும். பெருச்சாளி ஒரு கடி கடித்துப் பார்க்கும், தாங்கிய வயர் தள்ளுபடி. தலைவருக்குப் புதுப் போன் வாங்கப்படும். பொன்னுரங்கம் வயர் பிடிப்பு மேற்பார்வையாளர் ஆக்கப்படுகிறார், மரம் நிரந்தரம். காட்டுக்குத் தேவையான வயரையெல்லாம் மேற்படிச் செவந்தியப்பனே ஒரு மாசத்துக்குள் மேற்படி தரத்தில் நெய்து தர வேண்டும், தவறினால் பாறைக்குழி.

வீட்டுக்குப் போனதும் தாயம்மா கேட்டாள். "நீங்க பாத்ததைச் சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருக்கலாம். எந்த மரத்துல உக்காந்து சொல்றது?" என்றார் பொன்னுரங்கம். குட்டிகள் அவர் முதுகில் ஏறித் தூங்கிவிட்டன.

ஒரு மாசம் போயிருக்கும். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் செவந்தியப்பன் வந்து நின்றார். இளைத்துப் போயிருந்தார். அலகில் ஒரு கட்டு வயர். மேசையில் வைத்தார்.

"அத்தனையும் தள்ளுபடிண்ணே. கடிச்சாத் தாங்குதாம். நானும் இழையைக் குறைச்சுப் பாத்தேன், முடிச்சைத் தளர்த்திப் பாத்தேன். மறுபடி மறுபடி என் அலகு போய் இறுக்கிக் கட்டிடுது. மோசமாச் செய்ய எனக்கு வரலண்ணே. நாளைக்குக் கடைசி நாளு. குஞ்சுங்க இன்னும் பறக்கல." கட்டைப் பொன்னுரங்கத்தின் பக்கம் தள்ளினார். "எப்படிண்ணே மோசமாச் செய்யறது? சொல்லிக் குடுங்க."

பொன்னுரங்கத்துக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடத் தெரியாத பிராணி, என்ன செய்யும்? செவந்தியப்பனின் அலகைத் தன் குச்சி விரலால் பிடித்து வயரின் கழுத்துப் பக்கம் கொண்டுபோனார்.

"இங்க கட்டணும்னு தோணும் செவந்தி. தோணும்போது கண்ணை மூடிக்க. மூடிட்டா அலகு இறுக்காது. விசாரணையில எனக்கும் அப்படித்தான் வந்துச்சு."

செவந்தியப்பன் கண்ணை மூடிக்கொண்டு பின்னினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பின்னி முடித்த வயரைப் பெருச்சாளி முகர்ந்தது. கடிக்கவே இல்லை, மூச்சு பட்டதற்கே கழுத்து தொங்கிவிட்டது. "அற்புதம்!" என்று கோகிலா கைதட்டி, 'தரம் உறுதி' என்று முத்திரை குத்தி, அடுத்த பருவத்துக்குள் ஆயிரம் வயருக்கு ஆர்டர் எழுதியது.

நீதி: அறாத வயர் போனை உடைக்கும், அறுந்த வயர் ஆயிரம் பேருக்குச் சோறு போடும். ஆகவே பிள்ளைகளே, உறுதியாக இருந்து ஊரைக் கெடுக்காதீர்கள். கழுத்தை லேசாக முறித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.