முன்னால் போன வண்டியின் பின்கதவு

சோலோ,
சனிக்கிழமை காலை

மரியாதைக்குரிய சுகெங் அண்ணாவுக்கு,

தங்கை எண்டாங் பணிவோடு எழுதுவது. இறைவன் கருணையால் நான், என் வீட்டுக்காரர் த்ரியோனோ, உங்கள் மகள் லாரஸ், கொல்லையில் இருக்கும் இரண்டு வாத்துகள் எல்லோரும் நலம். பாப்புவாக் காட்டில் உங்களுக்குக் கொசுக்கடி குறைந்து, முட்டிவலி விலகி, முகாம் சமையல்காரருக்கு உப்பின் அளவு புரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "சீர்த் தட்டெல்லாம் நடுரோட்டுல விழுந்துடுச்சு அண்ணா" என்று நான் சொன்னதோடு இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு "ஆனா" என்று தொடங்கிப் பத்து நிமிடம் நான் பேசியது எதுவும் உங்கள் காதில் விழவில்லை என்று, "கல்யாணம் நின்றுவிட்டதா?" என்ற உங்கள் ஒரு வரிச் செய்தியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. எங்கே என்று தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று நடந்த கோளாறு முழுவதும் அதனால் வந்ததுதான்.

மாப்பிள்ளை பிமோவின் அப்பா விக்ன்யோ ஐயாவை நீங்கள் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற நில அளவையாளர். நிலத்தை அளந்த கையோடு இப்போது சகுனத்தை அளக்கிறார். பெண் கேட்டு வருவதாக இருந்த முதல் முறை, அன்று காலையில் அவர் வீட்டுக் கூரையிலிருந்து ஓர் ஓடு விழுந்தது, வரவில்லை. இரண்டாம் முறை வாசலிலேயே டயர் காற்று இறங்கியது, வரவில்லை. மூன்றாவதும் தவறினால் சூரோ மாதம் பிறந்துவிடும், அந்த மாதத்தில் நம் ஊரில் யார் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள்? அது முடிவதற்குள் பிமோ ஜப்பானில் வேலைக்குப் போய்விடுவான், திரும்பி வர மூன்று வருடம். லாரஸ் ஒரு வாரமாகத் தினமும் இரண்டு தடவை வீட்டைக் கூட்டினாள். தானாக அந்தப் பெண் துடைப்பத்தைத் தொட்டு நான் பார்த்தது இதுதான் முதல் முறை.

மூன்றாம் முறைக்கு, ஞாயிறு காலை பத்து மணி நல்ல நேரம். எட்டரைக்கு, ஒப்பனைக்கு வந்த பெண் எனக்கு வலது புருவத்தை வரைந்து முடித்து இடது புருவத்துக்குப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து செய்தி வந்தது: இறால் அப்பளம் வாங்கவில்லை. அண்ணா, அப்பளம் இல்லாமல் சம்பந்தி வீட்டாருக்குச் சோறு போட முடியுமா? த்ரியோனோ நாற்காலிகளை வரிசையாகப் போடுவதும், வரிசை கோணல் என்று மறுபடி கலைப்பதுமாக இருந்தார். நானே போனேன். நைட்டி மேல் ஒரு ஜாக்கெட், தலைமுடியில் சுருட்டிகள், அவற்றின் மேல் ஹெல்மெட், மூக்குக்கு முகமூடி, வெளியே தெரிந்தது ஒரே ஒரு புருவம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பெரிய அப்பளப் பையை ஸ்கூட்டரின் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு திரும்பும்போது, எனக்கு முன்னால் துணி மூடிய ஒரு பிக்கப் வண்டி. அதன் பின்கதவின் கொக்கி கழன்று, மேடு பள்ளத்துக்கெல்லாம் கதவு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பெட்டியைத் துப்பியது. நிறுத்தி எடுத்தேன், பின்னாலேயே போனேன், ஒரு தடவை மெல்ல ஹாரன் அடித்தேன்.

நம் ஊரில் மெல்ல ஹாரன் அடித்தால் என்ன அர்த்தம்? வணக்கம். அவரும் மெல்ல ஒரு ஹாரன் அடித்து, கண்ணாடியில் தலையை அசைத்தார். நான் இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவை அடித்தால் 'போய்வருகிறேன்'. அவரும் இரண்டு அடித்தார். விளக்கைச் சிமிட்டினேன், 'நீங்கள் முதலில் போங்கள்' என்று எடுத்துக்கொண்டு, நன்றியோடு கையைத் தூக்கிவிட்டுப் போனார். விரல்களை விரித்து மூடி, திறந்து மூடுகிற கதவைக் காட்டினேன். இண்டிகேட்டரை அணைக்காமல் வருகிறோம் போல என்று நினைத்து அதைப் போட்டுப் போட்டு அணைத்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முன்னால் போகும்படி எனக்கு வழிவிட்டார். பெரியவரை முந்திக்கொண்டு எப்படிப் போவது? நான் வேகத்தைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் காய்கறி வண்டி தள்ளுகிறவர் எங்கள் இருவரையும் தாண்டிப் போனார்.

இதற்கு நடுவில் எனக்குப் பின்னாலும் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்கள். என் ஸ்கூட்டரில் இடது கண்ணாடி கிடையாது, வலது கண்ணாடியில் என் முழங்கை மட்டும்தான் தெரியும். திரும்பிப் பார்க்காமலே தலையை அசைத்து, பதில் ஹாரன் கொடுத்து, ஓரம் ஒதுங்கிக் கையால் வழி காட்டினேன். அவர்கள் முந்தவில்லை. எவ்வளவு பண்பான மனிதர்கள் என்று அந்த அவசரத்திலும் தோன்றியது.

அடுத்த பள்ளத்தில் இன்னொரு பெட்டி விழுந்தது. அழகான தாள் சுற்றிய செருப்புப் பெட்டி, மேலே தங்க நிற ரிப்பன். எடுத்துத் தூசியைத் தட்டும்போது ரிப்பனில் எழுதியிருந்ததைப் படித்தேன்: 'லாரஸ் – பிமோ'.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன் அண்ணா. சீர்த் தட்டுகளை யாரையும் நம்பி ஒப்படைக்காமல் தானே ஓட்டிக்கொண்டு வருகிற அந்தப் பெரியவர் யார் என்று இனி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஓடு விழுந்ததற்கே ஒரு மாதம் தள்ளிப் போட்டவர். சீரே ரோட்டில் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தால்? சொல்லாமல் விட்டால் மிச்சமும் விழும். சொன்னால் லாரஸுக்கு மூன்று வருடம். அதோடு, சொல்லப் போகிறவள் பெண்ணின் அத்தை. நைட்டியில், ஒற்றைப் புருவத்தோடு.

பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. தொண்ணூறு விநாடி. யார் என்று காட்டிக்கொள்ளாமல் கதவை மட்டும் சொல்லிவிடலாம் என்று முகமூடியைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போனேன்.

"மன்னிச்சுக்குங்க அய்யா."

"அடடா, மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? சொல்லுங்க."

"உங்களுக்குத் தொந்தரவு குடுக்கிறேனோன்னு…"

"ஒரு தொந்தரவும் இல்ல. வெயில் ஏறுறதுக்குள்ள எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"இதோ, பக்கத்துலதான். அய்யா எங்க போறீங்க?"

"பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போறோம்."

"ரொம்ப சந்தோஷம்யா. நல்லபடியா முடியட்டும்."

"உங்க வாய் பலிக்கட்டும். நல்ல குடும்பம்மா. பொண்ணோட அத்தை காலேஜ் லைப்ரரியில வேலை பாக்குறாங்க. ரொம்ப லட்சணமா, அடக்கமா இருப்பாங்கன்னு கேள்வி."

"அப்படிங்களா… வந்துங்கய்யா, உங்க வண்டிக்குப் பின்னாடி கொஞ்சம்…"

"பழைய வண்டிதாம்மா. ஆனா ராசியான வண்டி."

பச்சை விழுந்துவிட்டது. அப்போது பக்கத்தில் நின்ற சுரபாயா லாரிக்காரர் (எதையும் பட்டென்று சொல்லிவிடும் ஊர்) தலையை வெளியே நீட்டி, தெருவே அதிரும்படி கத்தினார்: "யோவ் பெரிசு! பின்னாடி கதவு தொறந்து கிடக்குய்யா! தூங்கிக்கிட்டா ஓட்டுற?"

விக்ன்யோ ஐயா என்னைப் பார்த்து வருத்தமாகத் தலையை ஆட்டினார். "பாவம், யாரையோ திட்டுறான். காலங்காத்தால மனுசனுக்கு என்ன கோவம் பாருங்க!" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அந்தத் தொனியில் ஒருவர் தன்னிடம் பேசக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நான்கு விநாடி போதும் என்று தோன்றவில்லை. இருபது வருடம் நூலகத்தில் பிறரை மெல்லப் பேசச் சொல்லியே என் குரல் எங்கோ போய்விட்டது. அந்த லாரிக்காரரை நினைத்து ஒரு வாரமாகப் பொறாமைப்படுகிறேன்.

அதன் பிறகு வாழைச் சீப்பு விழுந்தது. கடைசியில் வாஜிக் தட்டு. வெல்லமும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டிய அந்தப் பசையரிசி இனிப்பை எதற்காகச் சீரில் வைக்கிறோம்? புருஷனும் பெண்டாட்டியும் அதுபோல ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று. அது கண்ணெதிரே காற்றில் ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாக விழுந்தது. வாய்க்குள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டே நிமிர்த்தினேன். மூடி கழலவில்லை. வாஜிக் தட்டை விட்டு ஓர் அணுவும் அசையவில்லை. ரோட்டோரம் குந்தியபடியே சிரித்துவிட்டேன் அண்ணா. இந்தக் கல்யாணம் நடக்காமல் போகாது என்று எனக்கு அப்போதே தோன்றியது. பெட்டிகளைக் காலடியிலும், வாழைச் சீப்பைக் கைப்பிடியிலும், வாஜிக்கை மடியிலும் வைத்துக்கொண்டு, குறுக்குச் சந்தில் புகுந்து, கொல்லை வழியாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

"அப்பளம் எங்க?" என்றார் த்ரியோனோ.

"மொதல்ல இதப் புடிங்க. மேசையில வைங்க."

"இது என்னது?"

"சீர்த் தட்டு."

"அவங்கதானே நமக்குக் கொண்டுவரணும்? நாம எதுக்கு வாங்கினோம்?"

"வாயத் தொறக்காம வைங்க!"

நான் அவரிடம் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மனிதர் பயந்து வைத்துவிட்டார். பின் சீட்டைப் பார்த்தால் கயிறு மட்டும் தொங்குகிறது. கட்டினேன் என்றுதான் நினைவு, ஆனால் அப்பளத்தைக் கடையிலேயே மறந்துவிட்டு வெறும் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் போல. வாசலில் கார்ச் சத்தம். ஓடிப்போய் உடை மாற்றி, சுருட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தால், லாரஸ் என்னைப் பார்த்து, "அத்தை, உங்களுக்கு ஒரு புருவம்தான் இருக்கு" என்றாள். தலைமுடியை இழுத்து மறு பக்கத்தை மறைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

விக்ன்யோ ஐயா வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். ஒன்பது தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. லாரஸ் என் விரல்களை நெரித்தாள். பின்னால் வந்த காரிலிருந்து அவருடைய தங்கை மார்த்தினி அம்மா இறங்கி, அண்ணன் காதோடு ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அபசகுனங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார் என்று நினைத்தேன். இனி மறைக்க முடியாது என்று, "உள்ள வாங்கய்யா" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

வந்தார். மேசை மேல் நான்கு தட்டுகள். ரிப்பனைத் தொட்டுப் பார்த்தார். வாஜிக்கைக் குனிந்து பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சபைக்குத் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "தட்டுங்க நமக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு. பொண்ணு வீடு எதுன்னு அதுங்களுக்கே தெரிஞ்சிருக்கு. இதுக்கு மேல என்ன சகுனம் பாக்கணும்? தேதியக் குறிங்க."

சூரோவுக்கு முந்தைய பெசார் மாதம் பதினான்காம் தேதி கல்யாணம் அண்ணா. இதுதான் பதில். லாரஸ் சமையலறைக்கு ஓடி அழுதாள், சிரித்தாள், வாத்துகளுக்கெல்லாம் கேக் போட்டாள். அப்பளம் இல்லாத சாப்பாட்டை ஒருவரும் குறை சொல்லவில்லை. தட்டுகள் எப்படி வந்தன என்பது எனக்கும், த்ரியோனோவுக்கும், இப்போது உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். விக்ன்யோ ஐயா அதைக் கடவுள் செயல் என்று நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் கல்யாணம் நிற்கிறது. ஆகவே தயவுசெய்து யாரிடமும் மூச்சு விட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடுங்கள்.

நிக்காஹ் செய்துகொடுக்கத் தகப்பன் கை வேண்டும். முகாமில் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுங்கள். உங்கள் பயணத்துக்கும் முட்டிக்கும் எங்கள் பிரார்த்தனை. லாரஸ் உங்கள் கையை முத்தமிடுகிறாள். நாற்காலிகள் நேராகத்தான் இருந்தன என்று த்ரியோனோ எழுதச் சொன்னார்.

உங்கள் பணிவுள்ள தங்கை,
எண்டாங்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது பிமோ வந்தான். கையில் என் அப்பளப் பை! கூடவே விக்ன்யோ ஐயாவின் சீட்டு. அதை அப்படியே எழுதுகிறேன்:

'அம்மா, உங்கள் ஸ்கூட்டருக்குப் பின்னால் வந்தது என் தங்கையின் கார். முதல் பெட்டியை நீங்கள் எடுத்தபோது திருடி என்று நினைத்து ஹாரன் அடித்தாளாம். நீங்கள் தலை வணங்கி வழிவிட்டீர்கள். திருடி அப்படிச் செய்ய மாட்டாள் என்று குழம்பிவிட்டாள். பிறகு உங்கள் பை அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்து மறுபடி அடித்தாள். அதற்கும் வணங்கினீர்கள். கடைசியில் பை விழுந்தது, எடுத்துக்கொண்டாள். வாசலில் என் காதில் சொன்னது இதுதான். சாப்பாட்டு நேரத்தில் பையைக் கொடுத்தால் நீங்கள் சங்கடப்படுவீர்களே என்று கொடுக்கவில்லை. நீங்கள் எங்களுடையதைப் பொறுக்கிக்கொண்டு வந்தீர்கள், நாங்கள் உங்களுடையதைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். சகுனம் என்று நான் சொன்னது இதைத்தான். கொக்கியை மாற்றிவிட்டேன். நீங்களும் கயிற்றை மாற்றுங்கள். இன்னொரு விஷயம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு வாரமாகத் தயங்குகிறேன். தங்கை சொல்லச் சொல்கிறாள். கல்யாணத்தன்று தயவுசெய்து இரண்டு புருவமும்.'

ஆகவே அண்ணா, கடிதத்தை எரிக்க வேண்டாம். அப்பளம் இன்னும் மொறுமொறுவென்றுதான் இருக்கிறது.