கேரம் போர்டுக்கு ஈரத்துணி

ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்து. கடற்காற்று இன்னும் வீசத் தொடங்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். திருவொற்றியூரில் எங்கள் தெருக்கோடி கேரம் கொட்டகையில் சமூக ஒற்றுமையை ஏற்படுத்த நான் புகுந்த நேரம் அது. (மணி பார்த்துக் குறித்துக்கொள்வது துறைமுகக் கணக்குப் பிரிவில் பிடித்த வியாதி. ஓய்வு பெற்றும் விடவில்லை.)

அங்கே ஆடுகிறவர்கள் இரண்டு தரப்பு. மீனவர் குப்பத்துப் பையன்கள் ஒன்று. ரசாயனக் கம்பெனித் தொழிலாளர் குடியிருப்புப் பையன்கள் மற்றொன்று. கம்பெனிக் கழிவால் மீன் செத்தது என்று குப்பத்தார் ஆரம்பிப்பார்கள். மீன் நாற்றம் என்று குடியிருப்பார் முடிப்பார்கள். மே மாதம் குப்பத்து அந்தோணி எறிந்த ஸ்ட்ரைக்கரால் குடியிருப்பு கார்த்திக்கு நெற்றியில் மூன்று தையல். கொட்டகையை நடத்தும் தெரு நலச் சங்கத்தின் செயலாளர் அதைப் பூட்டிவிட்டார். இன்னொரு சண்டை வந்தால் சிமென்ட் மூட்டை அடுக்க வாடகைக்கு விடுவதாகவும் சொன்னார். பையன்களுக்கு நிழலில் உட்கார வேறு இடமில்லை. நான்தான் "என் பொறுப்பு" என்று சாவியை வாங்கினேன்.

திட்டம் எளியது. இரட்டையர் போட்டி, ஜோடிக்குக் குப்பத்தில் ஒருவன், குடியிருப்பில் ஒருவன். சகிப்புத்தன்மை பற்றி நாற்பது நிமிட உரையும் தயார். எனக்குத் தெரியாதது கேரம் மட்டும்தான்.

போர்டு முழுக்க வெள்ளைத் தூசு. ஈரத்துணியால் நாலு மூலையும் அழுத்தித் துடைத்தேன். பளபளப்பு போதாதென்று தேங்காய் எண்ணெயும் தடவினேன்.

முதலில் அந்தோணி வந்தான், பின்னாலேயே கார்த்தி. தையலுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"இன்னா தாத்தா, போர்டு மின்னிக்கினு கீது?" என்றான் அந்தோணி.

"ஒரே பவுடர் அழுக்கு. ஈரத்துணியால துடைச்சு எண்ணெய் போட்டேன்."

அவன் விரலால் தொட்டான். முகர்ந்தான். பிறகு, பேசாத கார்த்தியைத் திரும்பிப் பார்த்தான். "மச்சி, இங்க வந்து பாரேன். பெருசு போர்டத் தாளிச்சி வச்சிருக்கு."

கார்த்தி குனிந்து மட்டம் பார்த்தான். "நடுவுல உப்பிக்கினு வருது. வெயில்ல வைக்கலாமா?"

"வளைஞ்சிடும்டா. ஃபேனுக்குக் கீழ வை. எண்ணெய உறிஞ்சக் கோலமாவு போடு."

இதுதான் சமயம் என்று, "தம்பிகளா, சகிப்புத்தன்மை என்பது..." என்று தொடங்கினேன்.

"தாத்தா, கம்முனு குந்து. மச்சி, மொதல்ல அவராண்ட இருந்து துணியப் புடுங்கு."

பத்து மணிக்குப் பதினாறு பேர் போர்டைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக் கத்தினார்கள். யார் எந்தத் தரப்பு என்று என்னாலேயே எண்ண முடியவில்லை. சத்தம் கேட்டுச் செயலாளர் ஓடிவந்தார்.

"மறுபடியும் சண்டையா?"

நான் சாவியோடு முன்னால் வந்தேன்.

"எங்களுக்குள்ள ஒண்ணியும் இல்ல சார்," என்றான் கார்த்தி. "பேஜாரு பண்ணது தாத்தாதான்."

அந்தோணி தலையாட்டினான். "ஆமா சார். அவர உள்ள வுடாதீங்க, போதும்."

செயலாளர் உப்பிய போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த சாவியை வாங்கி அவர்கள் இருவரிடமும் கொடுத்தார். பகல் ஒன்றரைக்கு இருவரும் ஒரே பைக்கில் பெரம்பூருக்குப் புது போர்டு வாங்கப் போனார்கள். காசு என்னுடையது.

இன்றும் வீட்டில் நான் மேசை துடைக்கத் துணி எடுத்தால், "அந்தப் பசங்களக் கூப்பிடட்டுமா?" என்கிறாள் மனைவி. கொட்டகையில் எனக்கு வாசல் வரைதான் அனுமதி. அந்த உரை இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

போர்டு, காய்கள், பவுடர், பதினாறு டீ சேர்த்து ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். தேங்காய் எண்ணெய் தனி.