சூடத்தை மறந்தவர்

சித்திரை வெயிலில், நடுத்தெருவில், பெரியண்ணன் திடீரென்று நின்றுவிட்டார். காய்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"என்னவோ வாங்க மறந்துட்டேன், அமிர்தம்."

"என்னது?"

"அதைத்தான் யோசிக்கறேன்."

காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்த வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, எதிர்ச் சுவரில் இருந்த சோப்பு விளம்பரத்தை நிதானமாகப் படித்து முடித்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, "சரி, போலாம்" என்றார்.

"ஞாபகம் வந்துடுச்சா?"

"வரல. வந்தா வரட்டும்."

அவர் மனைவி அமிர்தத்துக்குத் திக்கென்றது. ஜீயபுரத்தில் அவள் மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் குடையை மறந்தார். பிறகு வாய்க்காலில் திறந்துவிட்ட மடையை மறந்தார். கடைசியில், வருஷக்கணக்காகத் தனக்குச் சோறு போட்ட மருமகளையே பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். இந்த மனிதரும் ஒருநாள் தன்னைப் பார்த்து அப்படிக் கேட்டுவிடுவாரோ?

சாயங்காலம் பக்கத்து வீட்டு லூர்து வந்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெரியண்ணனோடு வேலை பார்ப்பவன். பாலத்து மேட்டில் இவர் தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போகிற கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான்.

"ஏறி மிதிக்கலாமேன்னு கேட்டேன்க்கா. 'அட, சைக்கிள் கையில இருக்கறதே மறந்துபோச்சு லூர்து'ன்னாரு."

அமிர்தம் சிரிக்கவில்லை. லூர்து அவளைத் தேற்றப் பார்த்தான். மறதியெல்லாம் ஒரு வியாதியா, போன வாரம் ஃபிட்டர் ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேணாம்" என்று அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

முசிறியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் அண்ணன் பிச்சமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், பாயசம் வருவதற்குள் போய்விட்டார். அதிலிருந்து யாராவது நெஞ்சில் கைவைத்து இருமினால்கூட அமிர்தத்துக்கு அழுகை வந்துவிடும். லூர்து தலையைச் சொறிந்தான். பெரியண்ணன் கூரையைப் பார்த்தார்.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. வல்லாரைத் துவையல், வல்லாரைக் கூட்டு, வல்லாரை அரைத்து ஊற்றிய தோசை. தட்டில் விழுந்ததையெல்லாம் பெரியண்ணன் பேசாமல் தின்றார். அடுத்து சமயபுரத்தில் மந்திரித்த கயிறு வந்தது. வலக்கை சுத்தியல் பிடிக்கிற கை என்பதால் இடக்கையில் கட்டினாள். அவர் மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"கயிறு இறுக்குதா?"

"ஆமா, கொஞ்சம் இறுக்குது."

தளர்த்திக் கட்டினாள். அப்புறமும் நீவினார். இன்னும் தளர்த்தினாள். கயிறு வளையல் மாதிரி தொங்கியதுதான் மிச்சம்.

நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். வைத்தியர் இருந்தது மாடியில். பாதிப் படியில் பெரியண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நாம எதுக்கு வந்தோம்?" என்று கேட்டார்.

ஆனால் மேலே போய் உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் ஆள் மாறிவிட்டார். அப்பாவின் திதியைச் சொன்னார். நயா பைசா எப்போது வந்தது என்று வைத்தியர் கேட்டதற்கு, ஐம்பத்தேழு, ஏப்ரல் ஒன்று என்றார். கல்யாணத்தன்று அமிர்தம் கட்டியிருந்தது பச்சைப் புடவை, மாம்பழக் கரை என்றும் கேட்காமலேயே சொன்னார்.

இவருக்கா மறதி என்று வைத்தியருக்குக் கோபமே வந்தது. அமிர்தம் நகர்வதாக இல்லை. கடைசியில், தினமும் காலையில் மலைக்கோட்டை ஏறி இறங்கினால் ரத்தம் தலைக்கு ஏறும், மறதி போகும் என்று சொல்லி அனுப்பினார். அவள் அதை அங்கேயே வேண்டுதலாக்கிவிட்டாள். உச்சிப் பிள்ளையாருக்கு ஒரு மண்டலம்.

"வீட்டுலயே ஒரு பிள்ளையார் இருக்காரே" என்று பெரியண்ணன் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

ஞாபகத்துக்குப் பயிற்சியாக அவரிடம் ஒரே ஒரு பொறுப்பைக் கொடுத்தாள். உச்சியில் ஏற்ற வேண்டிய சூடப் பொட்டலம். முதல் நாளே, அடிவாரத்தில் மாணிக்க விநாயகருக்கு அவள் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, இருவரும் ஏறத் தொடங்கி, பாதி வழி போனதும் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சூடத்தை ராக்கம்மாகிட்ட விட்டுட்டேன் போல."

ராக்கம்மாள் அடிவாரத்தில் பூ விற்கிற கிழவி. செருப்பையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள். மூச்சிரைக்க இறங்கி வந்த அமிர்தத்திடம் பொட்டலத்தை நீட்டினாள். உடனே பூத்தொடுக்கக் குனிந்துகொண்டாள். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். வேண்டுதல் அவருக்கு, மலையை இரண்டு தடவை ஏறுவது இவள்.

ஒருநாள் உச்சியில், காற்று வாங்கியபடி ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துத் திட்டித் தீர்த்தாள்.

"நல்லாத் திட்டு. நீ திட்டினா தெம்பா இருக்கு."

"இப்படியே போனா என்னையும் மறந்துடுவீங்க."

"உன்னை மறக்கற அளவுக்கு எனக்கு நேரம் ஏது?"

ஓவர்டைமைச் சொல்கிறார் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மண்டலம் முடிய இருந்த சமயம். இனி விடக்கூடாது என்று அன்றைக்கு அவள் வீட்டிலேயே சூடத்தை அவர் துண்டின் முனையில் வைத்து முடிந்துவிட்டாள். கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். இன்றைக்கு வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்றும் சொல்லிவைத்தாள்.

அன்றும் அடிவாரத்தில் அவள் தேங்காய் உடைத்துவிட்டு வந்த பிறகே ஏறினார்கள். வழக்கமான இடத்துக்கு நாலு படி கீழேயே அவர் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது.

"அமிர்தம், சூடம்..."

துண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். முனை வெறுமையாக இருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்ததைக்கூட மறந்துவிட்டாரென்றால், நாளைக்கே "நீ யாரு"தான். அழுகையும் ஆத்திரமுமாக இறங்கி ஓடினாள்.

ராக்கம்மாள் பொட்டலத்தை நீட்டினாள். அமிர்தம் வாங்கவில்லை.

"இன்னிக்கு நானே முடிஞ்சு விட்டேன். அது தானா அவிழாது. யாரு அவிழ்த்தா?"

கிழவி படிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். மடியிலிருந்த பூவைக் கூடையில் தள்ளினாள்.

"நாந்தான் தாயி, பல்லால கடிச்சு அவிழ்த்தேன். இன்னிக்கு அவரு முகமே சரியில்ல, சூடம் கெடக்கட்டும், மேல ஓடு. நீ திட்டிக்கிட்டே இறங்கி ஏறி வர்ற நேரத்துலதான் தெனமும் அவருக்கு நெஞ்சு வலி அடங்குதாம்."